அவள் கேட்காத நிறம்

கடைக்குள் இரண்டு அடி வைத்த பிறகுதான், இன்றைக்கு இந்தக் கடைக்கு முதல் ஆள் தான்தான் என்பது நெமேசியாவுக்கு உறைத்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் நூல்கடை ஹுஸ்தா முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"வாங்க காசேரா, வாங்க. போணி உங்க கையாலதான். ஒண்ணும் வாங்காம போனீங்கன்னா சாயங்காலம் வரைக்கும் நான் ஈ ஓட்டிட்டு உக்காரணும், சொல்லிட்டேன்."

லா பாஸ் நகரத்தில் விற்கிறவள் வாங்குகிறவளைக் காசேரா என்பாள், வாங்குகிறவளும் விற்கிறவளைக் காசேரா என்பாள். அதற்குள் பாசமும் இருக்கும், மிரட்டலும் இருக்கும். ஹுஸ்தா சொன்னதில் மிரட்டல்தான் கூடுதல்.

"வாங்காம எங்க போகப்போறேன்? சால்வைக்குக் குஞ்சம் கட்டற நூல் காட்டுங்க. செம்பு நிறத்துல இருக்கா?"

"செம்பா?" ஹுஸ்தா தட்டைத் திறந்தாள். "அது போச்சு. போன மாசமே மொத்தமா வழிச்சு எடுத்துட்டாங்க. ஒரு இழை கூட இல்ல."

நெமேசியாவின் நெஞ்சு ஒரு முறை துள்ளி அடங்கியது. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "சரி, அரக்கு இருக்கா? மயில்கழுத்து? சாம்பல்? வாடாமல்லி?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். எல்லாம் இருந்தன. கடைசியில் போணிக்காக ஒரு கண்டு சாம்பல் நூலை வாங்கி மடியில் சொருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் நூல் வாங்க வந்தவளே இல்லை. உளவு பார்க்க வந்தவள்.

இன்னும் பத்து நாளில் மகாசக்தி ஆண்டவர் திருவிழா. ஊரே ஆடிக்கொண்டு தெருவில் இறங்கும். ஒவ்வொரு தொழில்காரர் குழுவிலும் பெண்கள் வரிசை வரிசையாக, ஒரே நிறப் பாவாடை, ஒரே நிறச் சால்வை, ஒரே மாதிரித் தொப்பி என்று வருவார்கள். அந்த நிறம் என்ன என்பது அன்றைக்குக் காலை வரைக்கும் பரம ரகசியம். துணி கொடுக்கும்போதே ஆண்டவர் படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிடுவார்கள். தையற்காரனிடம் தலையணை உறைக்குள் வைத்துத்தான் கொண்டுபோவார்கள். புருஷனுக்குக் கூடத் தெரியாது. தெரிந்தாலும் அந்த ஆண்களுக்கு அரக்குக்கும் ரத்தச்சிவப்புக்கும் வித்தியாசம் சொல்ல வராது என்பது வேறு விஷயம்.

நெமேசியா தானியக் கடைக்காரர் குழு. சந்தையில் சூன்யோ விற்கிறாள். பனியில் போட்டு, மிதித்து, உலர்த்திய கருப்பு உருளைக்கிழங்கு. குழுவில் மற்றவர்கள் எல்லாம் லாரிக்கணக்கில் அரிசியும் மாவும் இறக்குகிறவர்கள். இவள் சாக்குக்கணக்கு. ஆனாலும் இரண்டு வருஷமாக வரிசையில் ஆடுகிறாள். ஏனென்றால் அவளுடைய புருஷன் செவேரோ ஓட்டிய மினிபஸ் யுங்காஸ் மலைப்பாதையில் உருண்டபோது, ஆஸ்பத்திரி வாசலில் மண்டியிட்டு, இவனை எனக்குத் திருப்பிக் கொடுத்தால் மூன்று வருஷம் உனக்கு ஆடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவள் அவள். ஆண்டவர் திருப்பிக் கொடுத்தார். ஒரு கால் நொண்டியாக, ஆனால் உயிரோடு. இது மூன்றாவது வருஷம். கொடுப்பதில் எவ்வளவு தாராளமோ, வாக்குத் தவறினால் எடுத்துக்கொள்வதிலும் அந்த ஆண்டவர் அவ்வளவு கறார் என்பது ஊரறிந்த சங்கதி.

இந்த வருஷம் செவேரோவுக்குக் காலில் மறுபடி ஒரு ஆபரேஷன். அதனால் நெமேசியா நாலு ஒத்திகைக்குப் போகவில்லை. இந்த வருஷத்து விழாத் தலைவி, தோன்யா என்று எல்லோரும் மரியாதையோடு அழைக்கிற அகாபிதா, மாவு மண்டிக்காரி, நேற்று அவளைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நாலு ஒத்திகைக்கு வராதவள வரிசையில நிறுத்தக்கூடாது. அது சட்டம். ஆனா எனக்கு ஒரு வேலை ஆகணும். மின்சாமான்காரிங்க நமக்கு முன்னாடி இறங்கறாங்க. அவங்க நிறமும் நம்ம நிறமும் ஒண்ணா இருந்துட்டா நாம நகல் ஆயிடுவோம். அவங்க நிறம் என்னன்னு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கொண்டு வா. உன் இடம் உனக்கு."

"எப்படிங்க தோன்யா கண்டுபிடிக்கிறது?"

"நூலக் கேளு. நாப்பது பொம்பளைக்குச் சால்வைக் குஞ்சம் கட்டணும்னா கடையில இருக்கற நூல் பூரா காலியாகும். எந்த நிறம் எல்லாக் கடையிலயும் இல்லையோ, அதுதான். நம்முது நான் ஓருரோவிலேருந்து வரவழைச்சிட்டேன், இங்க ஒரு கண்டு கூட எடுக்கல. அப்புறம் ஒண்ணு. நம்ம நிறம் உன் வாயிலேருந்து வெளிய வந்துச்சுன்னா, இந்த வருஷம் இல்ல, எந்த வருஷமும் நீ என் வரிசையில நிக்கமாட்டே."

எவ்வளவு சாமர்த்தியமான மூளை பாருங்கள். மாவில் சுண்ணாம்பு கலப்பதாக அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூட அந்த மூளையைக் குறை சொன்னதில்லை.

தானியக்காரர் குழுவின் நிறம் வாடிய ரோஜா. பூவைப் புத்தகத்துக்குள் வைத்து ஒரு வருஷம் கழித்து எடுத்தால் வருமே, அந்த நிறம். நெமேசியாவின் பாவாடை தைத்து, மடித்து, கட்டிலுக்கடியில் சூன்யோ சாக்குக்குப் பின்னால் இருந்தது. 

லோஸ் ஆந்தெஸ் தெருவில் நூல்கடைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். இரண்டாவது கடையில் செம்பு இல்லை. மூன்றாவது கடைக்காரி, "செம்பா? தங்கப்பல் வச்ச ஒருத்தி வந்து தட்டோட தூக்கிட்டுப் போனா" என்றாள். நான்காவதிலும் இல்லை. ஐந்தாவது கடைக்குள் நுழையும்போது நெமேசியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. செம்பு. சந்தேகமே இல்லை. ரோஜா இல்லை, செம்பு. அவளுடைய இடம் அவளுக்கு.

ஆனாலும் அவள் சூன்யோ விற்கிறவள். அழுகல் ஒன்று கூட இல்லை என்று சாக்கின் அடி வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்துத்தான் வாங்குவாள். எல்லாக் கடையும் கேட்டுவிடுவோம் என்று ஒன்பது கடை ஏறி இறங்கினாள். ஒவ்வொன்றிலும் ஒரே பாட்டு. செம்பு, அரக்கு, மயில்கழுத்து, சாம்பல், வாடாமல்லி, மாம்பழ மஞ்சள் என்று பத்து நிறம்.

ஆறாவது கடையில்தான் அந்தப் பெண்ணைக் கவனித்தாள். குள்ளமான உருவம், ஈயச் சாம்பல் சால்வை, கையில் சூடான ஊதாச்சோளக் கஞ்சிக் கோப்பை. ஊசி விலை கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழாவது கடையில் பொத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவதில் ஒன்றுமே பார்க்காமல் வாசலில் நின்று கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஒரே கோப்பை. அவ்வளவு நேரம் ஒரு கோப்பைக் கஞ்சியை யார் குடிப்பார்கள்? நெமேசியாவுக்குச் சந்தேகம் தட்டியது. கடையை விட்டு இறங்கி, பிள்ளைத்தாய்ச்சி நடக்க முடியாத அந்தச் செங்குத்துப் படிகளில் வேகமாக ஏறி, இரண்டு முடுக்கு திரும்பி, ஒன்பதாவது கடையில் நுழைந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, வெளியே வந்து பார்த்தாள். யாரும் இல்லை. 'எல்லாம் வீண் பயம்' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அங்கிருந்து நேராகத் தொப்பிக்கடை. இந்த வருஷத் தொப்பி புறாக்கழுத்துச் சாம்பல். குழுவுக்கென்று நாற்பது தொப்பி செய்து வைத்திருந்தார் தொப்பிக்காரர். அவளுடைய தொப்பி மட்டும்தான் பெட்டியில் மிச்சம். பணம் அவளிடம் இருந்தது. எட்டு மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, ரவிக்கைக்குள் முடிந்து வைத்திருந்த பணம்.

தொப்பிக்காரர் பெட்டியைத் திறந்து, மெல்லிய தாளை விலக்கி, இரண்டு கையாலும் எடுத்து அவள் தலையில் வைத்தார். பின்னோ கயிறோ கிடையாது. நிற்பதும் விழுவதும் தலையை வைத்திருக்கும் விதத்தில்தான். நெமேசியா கழுத்தை நிமிர்த்தினாள். தொப்பி நின்றது. கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவளுக்கே வெட்கமாகிவிட்டது, அவ்வளவு அழகாக இருந்தாள்.

அப்போதுதான் கண்ணாடியில், தன் தோளுக்கு மேலே, அந்தக் கஞ்சிக் கோப்பையைப் பார்த்தாள்.

"நல்லா பொருந்துது" என்றாள் அந்தப் பெண். சிரித்தாள். முன்பல்லில் தங்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் மின்னியது.

தங்கப்பல் வைத்த ஒருத்தி. தட்டோடு தூக்கிக்கொண்டு போனவள்.

தொப்பிக்காரர் ரசீதுப் புத்தகம் எடுக்க உள்ளே போனார். அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"என் பேர் பெத்ரோனா. ரேடியோக் கடை. பயப்படாதே, நான் உன்னக் கடிச்சுடமாட்டேன். காலையிலேருந்து உன் பின்னாடிதான் இருக்கேன். நல்ல வேலைக்காரி நீ. எங்க நிறத்தக் கண்டுபிடிச்சிட்டே, இல்ல? மூஞ்சிய மாத்தாம கேட்டே பாரு, அது எனக்குப் பிடிச்சிருந்தது."

நெமேசியா தொப்பிக்காரர் வருகிறாரா என்று உள்பக்கம் பார்த்தாள்.

"ஆனா ஒரு தப்பு பண்ணிட்டே. இந்த வருஷ நூல்தட்டுல பன்னெண்டு நிறம். நீ ஒவ்வொரு கடையிலயும் பத்து கேட்டே. அதே பத்து. ரெண்டு மட்டும் உன் வாயில வரவேயில்ல." பெத்ரோனா கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். "ஒளிக்கிறவங்க அதத்தான் பண்ணுவாங்க. ஒளிக்கிற சாமான் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க. வாடிய ரோஜா கேக்கல. கிளிப்பச்சை கேக்கல. ரெண்டுல எது?"

நெமேசியாவுக்குக் காது அடைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாக்கு ஒன்றுமே சொல்லவில்லையே, அதுதானே வினை. ரோஜாவை ஏன் கேட்கவில்லை? சத்தியத்துக்குப் பயந்து. அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து. கிளிப்பச்சையை ஏன் கேட்கவில்லை? அதை யாரும் தொடமாட்டார்கள் என்பதால். மூன்று வருஷத்துக்கு முன்னால் மினிபஸ்காரர் குழு கிளிப்பச்சையில் இறங்கிய அன்றைக்குத்தான் கோலிக்குண்டு அளவுக்கு ஆலங்கட்டி மழை கொட்டியது. அன்றிலிருந்து அதற்கு ஆலங்கட்டிப் பச்சை என்றே பெயர் வந்துவிட்டது.

"ரோஜாவாத்தான் இருக்கணும்" என்று பெத்ரோனாவே சொல்லிக்கொண்டாள். "ஆலங்கட்டிப் பச்சைய எந்தப் பைத்தியக்காரி எடுப்பா? ஆனா உங்க அகாபிதா இருக்காளே, மாவு மூட்டைய உதறி உதறி விக்கிறவ, மலிவா கிடைச்சா எடுத்தாலும் எடுப்பா. அதனாலதான் கேக்கறேன். நீயே சொல்லிடு. யார் சொன்னாங்கன்னு எங்க ஆளுங்களுக்குக் கூடச் சொல்லமாட்டேன். பேக்கரிக்காரங்களுக்கு நடந்தது ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பேக்கரிக்காரர் குழுவின் மஞ்சள் எப்படியோ கசிந்துவிட்டது. மின்சாமான்காரர்கள் தங்கள் பீர் சுமக்கிற கூலியாட்கள் பன்னிரண்டு பேருக்கு, மீசையோடு, அச்சு அசலாக அதே மஞ்சளில் பாவாடையும் சால்வையும் கட்டி முன்னால் நடக்கவிட்டார்கள். பின்னாலேயே பேக்கரிப் பெண்கள் அதே மஞ்சளில் வந்தார்கள். ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அந்த வருஷத்துத் தலைவி ஆறு மாதம் கோச்சபாம்பாவில் தங்கை வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தொப்பிக்காரர் ரசீதோடு வந்தார். "எழுதிடலாமா காசேரா?"

நெமேசியா தொப்பியைத் தலையிலிருந்து எடுத்தாள். கையில் ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். அகாபிதாவிடம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். நாற்பது பேருக்குப் புதுத் துணி, புது நூல், பத்தே நாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் சேர்ந்து அவளை உரித்துத் தோரணம் கட்டுவார்கள். அவள் வேண்டுதல் அதோடு போயிற்று. சொல்லாமல் இருந்தால் திருவிழாவன்று பன்னிரண்டு மீசைக்காரர்கள் ரோஜாப் பாவாடையில் முன்னால் போவார்கள். அப்போது அகாபிதா திரும்பி, நாற்பது பேரில் நூல்கடைக்குப் போனவள் யார் என்று பார்ப்பாள்.

"மலிவா கிடைச்சா எடுத்தாலும் எடுப்பா." அந்த வார்த்தை மட்டும் அவள் காதில் நின்றது.

"அப்புறம் வரேன்" என்று தொப்பியைப் பெட்டியில் வைத்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும்தான் வச்சிருப்பேன் காசேரா. அதுக்கப்புறம் கேக்கறவங்களுக்குக் குடுத்துடுவேன்."

அவள் தலையாட்டிவிட்டு, பெத்ரோனாவின் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினாள். ஓடவில்லை. ஓடுகிறவள் மாதிரி, ஆனால் ஓடாமல், தலைகுனிந்து நடந்தாள். பின்னால் காலடி கேட்டது. அந்தக் காலடி நின்றுவிடக்கூடாதே என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. காலையில் அதே காலடிக்குப் பயந்து படி ஏறி ஓடியவள் இப்போது முடுக்குத் திருப்பத்தில் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நின்று, அது நெருங்கிய பிறகு நடந்தாள்.

ஹுஸ்தாவின் கடைக்குள் நுழைந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"மறுபடியுமா காசேரா? உங்க போணி நல்லா வேலை செய்யுது, அதுக்குள்ள நாலு பேர் வந்துட்டாங்க."

"கிளிப்பச்சை" என்றாள் நெமேசியா. மெதுவாக, ஆனால் வாசல் வரை போய்ச் சேருகிற மெதுவாக.

"எது? ஆலங்கட்டிப் பச்சையா?" ஹுஸ்தா வாயில் கை வைத்தாள். "அது உங்களுக்கு எதுக்கு?"

"சத்தம் போடாதீங்க. எவ்வளவு இருக்கு?"

"எட்டுச் சால்வைக்கு வரும். மூணு வருஷமா தூங்குது. ஆனா விலை..."

"விலையக் கேக்கல. குடுங்க."

ஹுஸ்தா அப்படியே நின்றுவிட்டாள். இருபது வருஷ வியாபாரத்தில், பேரம் பேசாமல் வாங்கிய ஒரு சந்தைக்காரியை அவள் பார்த்ததில்லை. அதுவும் சூன்யோ விற்கிறவள். ஒரு கண்டு சாம்பல் நூலுக்குக் காலையில் பத்து நிமிஷம் மல்லுக்கு நின்றவள். பேரம் பேசாமல் ஒருத்தி வாங்குகிறாள் என்றால் அவள் கழுத்தில் கத்தி இருக்கிறது என்று அர்த்தம். அது ஹுஸ்தாவுக்குத் தெரியும். வாசலில் பூசணிவிதை வாங்குவது போல நின்றிருந்த பெத்ரோனாவுக்கும் தெரியும்.

நெமேசியா ரவிக்கைக்குள்ளிருந்து முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். அப்போது அவளுக்கு அழுகை வந்தது. அது நடிப்பில்லை. எட்டு மாதம் பனியில் உட்கார்ந்து சேர்த்த தொப்பி ஆலங்கட்டிப் பச்சையாகக் கரைந்துகொண்டிருந்தது. அழாமல் எப்படி இருப்பாள்? வாசலில் நின்றவள் அதையும் பார்த்தாள்.

ஹுஸ்தாவுக்கு மனசு கேட்கவில்லை. கொசுறாக இன்னும் இரண்டு கண்டு எடுத்து மூட்டைக்குள் போட்டாள். அதுவும் பச்சைதான். வேறு யார் வாங்கப் போகிறார்கள்?

மூட்டையைச் சால்வைக்கு அடியில் மறைத்துக்கொண்டு நெமேசியா வெளியே வந்தபோது, பெத்ரோனா விதையை மென்றுகொண்டே அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பாவப்பட்டது போல இருந்தது. "கஞ்சப் பிசினாரி" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். அது அகாபிதாவுக்கான திட்டு என்பதில் நெமேசியாவுக்குச் சந்தேகம் இல்லை. உயிர் வந்தது.

மத்தியானம் மாவு மண்டியில் அகாபிதாவிடம் சொன்னாள். "செம்பு, தோன்யா. ஒன்பது கடையிலயும் இல்ல."

அகாபிதா அவள் கன்னத்தைத் தட்டினாள். "பொழச்சே. ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்குப் புதுத் தொப்பியோட வா."

ஞாயிற்றுக்கிழமை அவள் புதுத் தொப்பி இல்லாமல், பழைய பழுப்புத் தொப்பியோடு போனாள். நூலைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். ஹுஸ்தா எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்வாள், ஆனால் அந்த நூல் மறுபடி தட்டுக்கு வந்துவிட்டால் குட்டு உடைந்துவிடும். செவேரோவிடம் கேட்க முடியாது, அவனே கட்டிலில் கிடக்கிறான். கடன் கேட்ட இடத்தில் எல்லாம் திருவிழாச் செலவு என்று கையை விரித்தார்கள். தொப்பிக்காரர் சொன்னபடி சனிக்கிழமை சாயங்காலம் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்.

"தொப்பி எங்க?" என்றாள் அகாபிதா, எல்லோர் முன்னிலையிலும்.

"பணம் செலவாயிடுச்சு, தோன்யா."

"எதுல?"

நெமேசியா வாயைத் திறந்தாள். ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று சொல்ல வேண்டுமானால், அது எப்படிப் போக இருந்தது என்றும் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டாள்.

"புருஷன் குடிச்சிருப்பான்" என்றாள் பின்னால் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவன் எங்கே போய்க் குடிப்பான்? நெமேசியாவுக்கு ரத்தம் கொதித்தது. அதையும் விழுங்கினாள்.

"முப்பத்தொம்பது சாம்பல் தொப்பிக்கு நடுவுல ஒரு பழுப்புத் தொப்பி, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும்" என்றாள் அகாபிதா. குரலில் கோபம் கூட இல்லை. "தொப்பி இல்லாம வரிசை இல்ல. நான் வேணும்னு பண்ணல நெமேசியா. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

திருவிழா அன்றைக்கு வெயில் ஊசியாய்க் குத்தியது. நெமேசியா ரோஜாப் பாவாடையைக் கட்டினாள், ரோஜாச் சால்வையைப் போர்த்தினாள், போன வருஷத்துப் பழுப்புத் தொப்பியை வைத்துக்கொண்டு, ஊர்வலம் திரும்புகிற மூலையில், மேலே ஒரு பழைய போர்வையைச் சுற்றி நின்றாள். ரோஜா வெளியே தெரியக்கூடாது. இன்னும் வெளிப்படவில்லை அல்லவா. மனசில் வேறு எண்ணமே இல்லை. பன்னிரண்டு மீசைக்காரர்கள். அவர்கள் என்ன நிறத்தில் வருவார்கள். ரோஜாவாக இருந்தால் தொப்பியும் போய், ரகசியமும் போய், ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கும் போய்...

மேலே மேளம் கேட்டது. மின்சாமான்காரர்களின் கொடி திருப்பத்தில் தெரிந்தது. கொடிக்குப் பின்னால் பீர்ப் பெட்டி சுமக்கிற கூலியாட்கள். நெமேசியா கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள்.

பச்சை. கண் கூசுகிற ஆலங்கட்டிப் பச்சை. மீசையும் பாவாடையும் சால்வையுமாக, இடுப்பை ஆட்டிக்கொண்டு பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். கூட்டம் சிரிக்கத் தயாராகி, எதற்குச் சிரிப்பது என்று தெரியாமல் நின்றது. யாரையோ கிண்டல் செய்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. யாரை? பீர் விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி, "இவனுங்களுக்கு என்ன வந்தது, மழைய வரவழைக்கிறானுங்களா?" என்றாள். அதற்குத்தான் நாலு பேர் சிரித்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் செம்பு நிறத்தில் பெண்கள் வந்தார்கள். அழகாகத்தான் இருந்தார்கள், மறைப்பானேன். மூன்றாவது வரிசையில் ஓரத்தில் பெத்ரோனா. ஒவ்வொரு சுற்றுக்கும் கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்துக்கொண்டே ஆடினாள், பச்சை எப்போது வரும் என்று.

பச்சை வரவில்லை. திருப்பத்தில் வாடிய ரோஜா வந்தது. முப்பத்தொன்பது பாவாடைகள் ஒரே நேரத்தில் இடமாகச் சுழன்றன, வலமாகச் சுழன்றன. தெரு முழுவதும் 'ஆ' என்று ஒரு மூச்சு எழுந்தது. அகாபிதா முன்னால் ராணி மாதிரி வந்தாள். தன் மூளையால்தான் எல்லாம் நடந்தது என்கிற மாதிரி.

பெத்ரோனாவின் கால் ஒரு அடி தப்பியது. அவ்வளவுதான்.

வரிசைகள் போயின. வாத்தியக்காரர்கள் போனார்கள். கடைசி மேளக்காரன் திரும்பியதும், நெமேசியா போர்வையை உதறி எறிந்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். வரிசை அகாபிதாவுக்குச் சொந்தம். தெரு ஆண்டவருக்குச் சொந்தம். மேளத்துக்கும் அடுத்த குழுவின் கொடிக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில், தனி ஆளாக, பழுப்புத் தொப்பியோடு ஆடினாள். "யாரும்மா நீ, வழிதவறிட்டியா?" என்று யாரோ கேட்டார்கள். சிலர் ஆரஞ்சுத் தோலை எறிந்தார்கள். அவள் நிற்கவில்லை. ஆலங்கட்டி வந்தால் கூட நின்றிருக்கமாட்டாள். இறக்கம், ஏற்றம், மறுபடி இறக்கம். கோயில் வாசலை அடையும்போது முழங்கால் இரண்டும் அவளுடையவையாகவே இல்லை.

வாசலில் இரண்டு குழுவும் கலந்து நின்றன. உள்ளே முழங்காலில் போக வேண்டும், அதற்கு முறை காத்திருந்தார்கள். நெமேசியா படியருகே மூச்சு வாங்க நின்றபோது, செம்பு நிறக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெத்ரோனா வந்தாள். நெமேசியாவின் ரோஜாப் பாவாடையைப் பார்த்தாள். தலையில் இருந்த பழைய தொப்பியைப் பார்த்தாள். அதையே வெகுநேரம் பார்த்தாள். எட்டுச் சால்வை நூலுக்கு என்ன விலை, ஒரு தொப்பிக்கு என்ன விலை என்று ரேடியோக் கடைக்காரிக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

பெத்ரோனா தன் தொப்பியைத் தலையிலிருந்து எடுத்தாள். ஆண்டவர் சன்னிதியில் தவிர வேறு எங்கும் எந்தப் பெண்ணும் செய்யாத காரியம். நெஞ்சோடு வைத்து, சற்றே தலையைத் தாழ்த்திவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டு தன் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அகாபிதா அதைப் பார்த்துவிட்டாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்தாள்.

"அந்த மின்சாமான்காரி எதுக்குடீ உனக்குத் தொப்பிய எடுத்தா? உனக்கும் அவளுக்கும் என்ன?"

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எல்லாம் முடிந்துவிட்டதே. ஆனால் அகாபிதாவின் கண்ணில் ஏற்கெனவே சந்தேகம் ஊறிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணுக்கு முன்னால் உண்மை எடுபடாது என்று நெமேசியாவுக்குப் புரிந்தது.

"தெரியலீங்க தோன்யா" என்றாள். "வேற யாரோன்னு நினைச்சிருப்பா."

பிறகு பழுப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்காலிட்டு, மூன்றாவது வருஷத்தை முடிக்க உள்ளே போனாள்.